ஜாக்கியை எங்கே வைப்பது? சிறு கார்களின் அடிப்பாக வரலாறு

சென்ற இதழில் லிஃப்டின் வரலாற்றை எழுதியதும் பி பிளாக்கிலிருந்து ஒரு கேள்வி வந்தது: "ஆளைத் தூக்குவதைப் பற்றிச் சொன்னீர்கள் சார், அப்படியே காரைத் தூக்குவதைப் பற்றியும் எழுதுங்களேன்." கேட்டவருக்குக் காரணம் இருந்தது. இரண்டு மாதங்களுக்கு முன் தரைத்தள நிறுத்துமிடத்தில் அவருடைய சின்னக் கார் பஞ்சராகி நின்றது. உதவிக்கு வந்த பையன், காருக்கு அடியில் கை நீட்டிப் பார்த்து, இரண்டு கதவுகளுக்கும் நடுவில் தட்டையாகத் தெரிந்த இடத்தில் ஜாக்கியை வைத்துச் சுற்றினான். சக்கரம் நாலு விரல் அளவு எழும்பியிருக்கும். தகடு உள்வாங்கியது, ஜாக்கி சாய்ந்தது, கார் டொம்மென்று இறங்கியது. ஜாக்கி சரியாக நிற்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டுப் பையன் அப்போதுதான் கையை வெளியே எடுத்திருந்தான். அதனால் தரைவிரிப்புக்கு அடியில் ஒரு பெரிய பள்ளத்தோடு கதை முடிந்தது.

பையனைக் குறை சொல்லிப் பயனில்லை. அவன் தொழில் கற்றுக்கொண்ட ஆட்களிடம் கேட்டால், "அடியில் கெட்டியாக இருக்கும் இடத்தில் வை" என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஒரு காலத்தில் அது சரியான பாடம். எப்போது அது போதாமல் போனது என்பதுதான் இந்தக் கட்டுரை.

மாட்டு வண்டியிலிருந்து தொடங்கலாம். சக்கரத்தைக் கழற்றி வண்டி மை போட வேண்டும் என்றால், நம் ஊர்க்காரர்கள் இருசுக்கு அடியில் முட்டுக் கொடுப்பார்கள். வண்டியின் மொத்தப் பாரமும் இருசு வழியாகத்தானே சக்கரத்துக்கு இறங்குகிறது? அந்த இருசைத் தாங்கினால் வண்டியைத் தாங்கியதாக ஆகிவிடும். முதல் தலைமுறைக் கார்களும் இந்தக் கணக்கில் வந்தவைதான். 1908இல் வந்த ஃபோர்டு மாடல் டி காரை எடுத்துக்கொள்ளுங்கள். ஏணி போன்ற ஓர் இரும்புச் சட்டம், அதற்கு அடியில் முன்னும் பின்னும் இரண்டு கெட்டியான அச்சுகள், சட்டத்தின் மேல் தனியாக வைத்துப் போல்ட் போட்ட உடல். ஜாக்கியை அச்சுக்கு அடியில் வைத்தால் போதும். உடல் என்பது மேலே உட்கார்ந்திருக்கும் பெட்டி. அதைப் பற்றிக் கவலையில்லை.

அந்தக் காலத்துச் சாலைகளில் ஆணிகளும் குதிரை லாடங்களும் நிறையக் கிடந்தன. பஞ்சர் அன்றாட விஷயம். அதோடு, கார்களில் சக்கரத்தைச் சுலபமாகக் கழற்றி மாட்டும் ஏற்பாடும் பரவியிருக்கவில்லை. வேல்ஸ் நாட்டின் லனெத்லி என்ற ஊரில் தாமஸ் மோரிஸ் டேவிஸ் என்பவர் 1904இல் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். ஆரம் இல்லாத ஒரு வளையத்தில் காற்றடைத்த டயரை மாட்டி, பஞ்சரான சக்கரத்தின் பக்கவாட்டிலேயே அதைக் கவ்வ வைத்தார். பழைய சக்கரத்தைக் கழற்றவே வேண்டாம். அவருடைய பட்டறை இருந்த தெருவின் பெயர் ஸ்டெப்னி. அந்தத் தெருவின் பெயரைத்தான் நாம் இன்றைக்கும் டிக்கியில் வைத்துக்கொண்டு திரிகிறோம். இங்கிலாந்தில் அந்தச் சொல்லைச் சொன்னால் இப்போது யாருக்கும் புரியாது. நம்மூரில் ஆட்டோ ஓட்டும் அண்ணனுக்குப் புரியும்.

ஜாக்கியின் கதை காரைவிடப் பழையது. நீரின் அழுத்தத்தைக் கொண்டு பாரத்தைத் தூக்கலாம் என்று ஜோசப் பிரமா 1795இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். அந்தத் தத்துவத்தைக் கையில் தூக்கிச் செல்லும் அளவுக்குச் சுருக்கி, 1851இல் நியூயார்க்கில் ரிச்சர்ட் டட்ஜன் ஹைட்ராலிக் ஜாக்கியாக்கினார். லாரிக்காரர்கள் வைத்திருக்கும் பாட்டில் ஜாக்கி அதன் பேரப்பிள்ளை. தூக்கும் கருவி இப்படி முன்பே தயாராக இருந்தது. சிக்கல் வந்தது தூக்கப்படும் பொருளில்.

1922இல் இத்தாலியின் லான்சியா நிறுவனம் லாம்ப்டா என்ற காரை வெளியிட்டது. அதில் தனியாக ஏணிச் சட்டம் கிடையாது. உடலின் பக்கத் தகடுகளே பாரத்தைத் தாங்கின. அதே காலத்தில் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் எட்வர்ட் பட் என்பவரின் தொழிற்சாலை, மரம் கலக்காமல் முழுக்க எஃகுத் தகட்டையே அழுத்தி வளைத்து, மின்சாரப் புள்ளிப் பற்றவைப்பால் ஒட்டிக் கார் உடல் செய்யும் கலையை வளர்த்துக்கொண்டிருந்தது. இந்த இரண்டு ஓட்டங்களும் சேர்ந்த இடம் 1934இல் பிரான்சில் வந்த சித்ரோன் டிராக்‌ஷன் அவான். முன்சக்கர இயக்கம், சட்டமில்லாத ஒற்றை உடல். மறு வருடமே ஜெர்மனியில் ஓப்பல் ஒலிம்பியா அதே பாதையில் வந்தது. சட்டம் போனதும் கார் லேசாகியது, தரையோடு தாழ்ந்தது, விலையும் குறைந்தது. இன்று நம் நிறுத்துமிடத்தில் நிற்கும் சின்னக் கார்கள் எல்லாமே இந்த வம்சம்தான்.

ஒற்றை உடல் என்றால் என்ன என்பதற்குச் சமையலறையில் ஓர் உதாரணம் உண்டு. காலியான சதுர பிஸ்கட் டின்னை எடுத்து, மூடியைப் போட்டு, அதன் மேல் ஒரு பையனை ஏறி நிற்கச் சொல்லுங்கள். ஓரங்களில் கால் வைத்தால் தாங்கும். நடுவில் கால் வைத்தால் அமுங்கும். தகடு ஒன்றுதான், மடிப்பும் மூலையும் இருக்கும் இடத்தில் மட்டும் அதற்கு வலு. சின்னக் காரின் தரைத் தகடு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த கனம் கொண்டது. அதற்கு வலு தருபவை கதவுக்குக் கீழே இரு பக்கமும் நீளமாக ஓடும் பெட்டி போன்ற மடிப்புகள். ஆங்கிலத்தில் இதை சில் என்பார்கள். மெக்கானிக்குகளும் அப்படித்தான் சொல்கிறார்கள். உள் தகடும் வெளித் தகடும் சேரும் இடத்தில் இரண்டின் ஓரங்களையும் கீழ்நோக்கி மடித்து ஒட்டியிருப்பார்கள். காருக்கு அடியில் கை விட்டால் கத்தி முனை போலத் தொங்கிக்கொண்டு கையில் படுகிறதே, அந்த விளிம்பு அதுதான்.

இனி ஜாக்கியை எங்கே வைப்பது என்று ஒவ்வொரு கம்பெனியும் தனித்தனியாக யோசிக்க வேண்டியிருந்தது. வேடிக்கையான பதில்கள் வந்தன. ஃபோக்ஸ்வாகன் பீட்டிலில் ஒரு பக்கத்துக்கு ஒரே ஒரு குழாய் வைத்தார்கள். ஜாக்கியின் கையை அதற்குள் நுழைத்துத் தூக்க வேண்டும். 1959இல் அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மினியிலும் பக்கத்துக்கு ஒரு குழாய்தான், சில்லின் நடுவில். தூக்கினால் முன்சக்கரமும் பின்சக்கரமும் சேர்ந்தே எழும்பும். அந்த இடத்துக்குத் தனியாக வலு கொடுத்திருந்தார்கள். ஆனால் இங்கிலாந்தில் பனிக்காலத்தில் சாலையில் உப்புப் போடுவார்களே, அந்த உப்பு சில்லுக்குள் புகுந்து துருப்பிடிக்க வைத்தது. பத்து வருடம் ஓடிய மினியில் அந்தக் குழாயில் ஜாக்கியைப் போடுவதற்கு விவரம் தெரிந்தவர்கள் யோசிப்பார்கள். கார் அப்படியே இருக்க, குழாய் மட்டும் மேலே போய்விடும்.

அமெரிக்கர்கள் வேறு வழியில் போனார்கள். அவர்களுடைய கார்களில் பம்பர்கள் ரயில் தண்டவாளம் மாதிரி இருந்தன. நெட்டையான ஒரு கம்பத்தில் கொக்கி மாட்டி, பம்பரைப் பிடித்தே காரைத் தூக்கினார்கள். குனியக்கூட வேண்டாம். உயரமான கம்பத்தின் மேல் கார் ஆடிக்கொண்டு நிற்கும் காட்சியை நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. 1970களில் மோதலைத் தாங்கும் பம்பருக்கான விதிகள் வந்து, பிறகு பம்பருக்குப் பிளாஸ்டிக் போர்வையும் வந்த பிறகுதான் அந்தப் பழக்கம் ஓய்ந்தது.

நம் நாட்டுக்கு வருவோம். அம்பாசடரும் ஃபியட்டும்தான் ஒரு தலைமுறைக்கே கார் என்பதன் பொருள். இரண்டுமே சட்டமில்லாத ஒற்றை உடல் கார்கள் என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. அம்பாசடரின் மூலமான மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டும் சரி, பிறகு பிரீமியர் பத்மினி என்று பெயர் மாறிய ஃபியட் 1100உம் சரி, ஒற்றை உடல்தான். பிறகு ஏன் நம் மெக்கானிக்குகளுக்குச் சில்லின் அருமை தெரியாமல் போனது? இரண்டு காரணங்கள். ஒன்று, அம்பாசடரின் தகடு தாராளமானது. தப்பான இடத்தில் ஜாக்கி வைத்தாலும் மன்னித்துவிடும். இரண்டு, இரண்டு கார்களிலும் பின்னால் கெட்டியான அச்சு இருந்தது. நடுவில் டிஃபரன்ஷியல் ஹவுசிங், இருபுறமும் தடித்த குழாய், அதன் மேல் பட்டை ஸ்பிரிங். பட்டை ஸ்பிரிங்கை ஒட்டி அச்சுக்கு அடியில் ஜாக்கியை வைத்தால் மாட்டு வண்டிக்கு முட்டுக் கொடுத்த மாதிரிதான். தாத்தா செய்ததைப் பேரனும் செய்தார், கார் கேள்வி கேட்கவில்லை.

இடையில் நம் சென்னைக்கே சொந்தமான ஒரு காரையும் சொல்ல வேண்டும். வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் தொழிற்சாலையில் 1961 முதல் செய்யப்பட்ட ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. உலகமே ஒற்றை உடலுக்கு மாறிக்கொண்டிருந்தபோது ஹெரால்டு மட்டும் பழையபடி தனிச் சட்டத்தோடு வந்தது. அதற்குப் பின்னால் ஒரு வியாபாரச் சண்டை இருக்கிறது. இங்கிலாந்தில் ஸ்டாண்டர்ட் டிரயம்ப் நிறுவனத்துக்கு உடல் செய்து கொடுத்த ஃபிஷர் அண்ட் லட்லோ கம்பெனியை 1953இல் போட்டிக் கம்பெனியான பிஎம்சி வாங்கிவிட்டது. முழு உடலையும் ஒரே இடத்தில் செய்துதர ஆள் இல்லை. ஆகவே உடலைத் துண்டு துண்டாகப் பல இடங்களில் செய்து, ஒரு சட்டத்தின் மேல் போல்ட் போட்டுச் சேர்த்தார்கள். ஹெரால்டில் சட்டத்தைத் தேடி ஜாக்கி வைக்க வேண்டும். சில் என்பது அதில் பாரம் தாங்கும் உறுப்பே அல்ல. ஆக, எழுபதுகளின் சென்னைப் பட்டறை ஒன்றில் மூன்று கார்கள் வரிசையாக நின்றால், மூன்றுக்கும் "அடியில் கெட்டியான இடத்தைப் பார்" என்ற ஒரே பாடம் போதுமாயிருந்தது.

1983 டிசம்பர் 14 அன்று டெல்லி அருகே குர்கானில் முதல் மாருதி 800இன் சாவி கைமாறியது. பிரதமர் இந்திரா காந்தியே கொடுத்தார். காரின் இன்ஜின் 796 சிசி, மூன்று சிலிண்டர். எடை 650 கிலோவை ஒட்டியது. அம்பாசடரோ ஒரு டன்னுக்கு மேல். இந்த எடை வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று யோசியுங்கள். பெரும்பகுதி தகட்டிலிருந்துதான் வந்தது. எங்கே பாரம் இறங்குகிறதோ அங்கே மட்டும் வலு. மற்ற இடத்தில் தேவைக்கு மேல் ஒரு கிராம் கூடக் கிடையாது. இன்னொன்று, இன்ஜின் முன்சக்கரங்களை ஓட்டியதால் பின்னால் டிஃபரன்ஷியல் ஹவுசிங்கே இல்லை. நாற்பது வருடமாகப் பழகிய கை, பின்னால் போய்த் தடவிய இடத்தில் அந்த இரும்பு உருண்டை கிடைக்கவில்லை. முன்னால் போய்த் தடவினால் கெட்டியாகத் தட்டுப்பட்டவை ஆயில் சம்பும் கியர் பெட்டியும். அங்கே ஜாக்கி வைத்து எண்ணெய் ஒழுக விட்ட கதைகளைப் பழைய மாருதிக்காரர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

காரோடு வந்த ஜாக்கியும் புதிது. கத்தரி போல மடங்கி விரியும் திருகு ஜாக்கி. அதன் தலையில் நடுவே ஒரு பள்ளம் இருக்கும். பலர் அதை அழகுக்கு என்று நினைக்கிறார்கள். நான் மேலே சொன்ன கத்தி முனை விளிம்பு உட்கார வேண்டிய இடம் அது. விளிம்பு பள்ளத்துக்குள் இறங்கிவிட்டால் கார் பக்கவாட்டில் வழுக்க முடியாது. இந்தச் சாவியும் பூட்டும் பொருந்தாமல் வேறு எங்கே ஜாக்கியை வைத்தாலும், அந்தச் சிறிய தலையின் இரண்டு முனைகளும் உளி மாதிரி தகட்டைக் குத்தும். நம் பி பிளாக் காருக்கு நடந்தது இதுதான்.

விளிம்பு முழுவதும் ஒரே வலு அல்ல என்பதையும் கவனிக்க வேண்டும். பெரும்பாலான சிறு கார்களில் முன்சக்கரத்துக்குப் பின்னால் ஓரிடத்திலும், பின்சக்கரத்துக்கு முன்னால் ஓரிடத்திலும் உள்ளே கூடுதல் தகடு வைத்து வலுவாக்கியிருப்பார்கள். சக்கரக் குழியிலிருந்து ஒரு சாண், மிஞ்சினால் ஒரு முழத்துக்குள் தேடினால் கிடைக்கும். அடையாளமாக விளிம்பில் இரண்டு சிறிய வெட்டுகள் இருக்கும். ஜாக்கியின் தலை அந்த இரண்டு வெட்டுகளுக்கும் நடுவில். 1998இல் நம் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வந்த சான்ட்ரோவுக்குப் பின் வந்த பல கார்களில் சில்லின் மேல் பிளாஸ்டிக் போர்வையும் சேர்ந்துகொண்டதால், வெட்டுகள் கண்ணில் படாமல் போகலாம். அப்படிப்பட்ட கார்களில் போர்வையின் மேலேயே சிறிய முக்கோணமோ அம்புக்குறியோ அச்சிட்டிருப்பார்கள். இதெல்லாம் பொதுவான விவரம்தான். உங்கள் காருக்கான சரியான இடம் கையுறைப் பெட்டியில் தூங்கும் கையேட்டில் படத்தோடு இருக்கிறது. பஞ்சராகி, இருட்டில், மழையில் அதைத் தேடுவதைவிட, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் டார்ச் அடித்து நான்கு இடங்களையும் பார்த்து வைப்பது சுலபம். பழைய கார் என்றால், விரலால் அழுத்தியும் பாருங்கள். மினிக்கு நடந்தது கடற்கரைப் பக்கம் நிற்கும் நம் கார்களுக்கும் நடக்கும். துருப்பிடித்து உதிரும் விளிம்பில் ஜாக்கி வைக்காதீர்கள்.

முன்சக்கர இயக்கம் வந்ததில் இன்னொரு விஷயம் மாறியது. அது பலருக்குத் தெரியாது. கியரில் போட்டு நிறுத்தினால் கார் நகராது என்று நம்புகிறோம். முன்சக்கரம் ஒன்றைத் தூக்கிவிட்டால் அந்த நம்பிக்கை போய்விடும். டிஃபரன்ஷியல் காரணமாக, காற்றில் இருக்கும் சக்கரம் சும்மா சுற்றிக்கொள்ளும்; தரையில் இருக்கும் மற்றதை கியர் பிடிக்காது. அப்போது காரைப் பிடித்திருப்பது பின்சக்கரங்களில் இருக்கும் ஹேண்ட் பிரேக் மட்டும்தான். பின்சக்கரத்தைத் தூக்கினால் ஹேண்ட் பிரேக்கில் பாதி காற்றில். இரண்டு நிலைமையிலும் தூக்கும் சக்கரத்துக்குக் குறுக்கு மூலையில் இருக்கும் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் முட்டுக் கொடுத்தே ஆக வேண்டும். நம் அடித்தளத் தரை சமமாக இருப்பதாகத் தோன்றும். மழைத் தண்ணீர் வடிகாலுக்கு ஓட வேண்டும் என்பதற்காக அது சரிவாகத்தான் போடப்பட்டிருக்கிறது. சாய்தளத்தில் வைத்துத் தூக்கவே கூடாது. வெளியே பேவர் பிளாக் போட்ட இடத்தில், ஜாக்கியின் சிறிய பாதம் ஒரு கல்லை மட்டும் அழுத்தி உள்ளே இறக்கிவிடும். அதற்கு அடியில் ஒரு தடித்த பலகை தேவை. நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே கால் சுற்று தளர்த்திவிடுங்கள். தூக்கிய பிறகு நட்டோடு மல்லுக்கட்டினால் கார்தான் ஆடும். காரோடு வரும் ஜாக்கி சக்கரம் மாற்றுவதற்கு மட்டுமே. அதை நம்பிக் காருக்கு அடியில் ஒருவரும் தலையோ காலோ நுழைக்க வேண்டாம்.

பட்டறைக்காரர்கள் இந்த ஆபத்திலிருந்து தப்பிக்கப் பள்ளம் தோண்டினார்கள், மேடை கட்டினார்கள். அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரத்து மெக்கானிக் பீட்டர் லுனாட்டி, முடிதிருத்தும் கடை நாற்காலி ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டு, 1925இல் காரையே அப்படித் தூக்கும் ஹைட்ராலிக் லிஃப்ட் செய்தார். இன்று சர்வீஸ் சென்டரில் இரண்டு தூண்களுக்கு நடுவே உங்கள் கார் தொங்கும்போது எட்டிப் பாருங்கள். நான்கு கைகளும் பிடித்திருப்பது பெரும்பாலும் நாம் தேடிக்கொண்டிருக்கும் அதே நான்கு இடங்கள்தான்.

கடைசியாக மின்சாரக் கார்கள். நம் வளாகத்திலும் வரத் தொடங்கிவிட்டன. இவற்றில் பலவற்றின் பேட்டரி, தரைக்கு அடியில் பலகை போலப் பரவியிருக்கிறது. பார்வைக்கு அதைவிடத் தட்டையான, கெட்டியான இடம் காரில் வேறு இல்லை; ஜாக்கி வைக்க அதைவிட மோசமான இடமும் வேறு இல்லை. பேட்டரியின் உறை நசுங்கினால் செலவு ஒருபுறம் இருக்க, தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு. 2020இல் மத்திய அரசு விதியைத் திருத்தி, டியூப் இல்லாத டயரும், காற்றழுத்தத்தைக் காட்டும் கருவியும், பஞ்சர் ஒட்டும் சாமானும் உள்ள கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று சொல்லிவிட்டது. அப்படி வந்த சில கார்களில் ஜாக்கியும் கிடையாது. அவசரத்துக்கு அடுத்த வீட்டு ஜாக்கியை இரவல் வாங்குவோம். அதன் தலையில் இருக்கும் பள்ளம் உங்கள் காரின் விளிம்புக்குப் பொருந்துகிறதா என்று முதலில் பாருங்கள். சில மின்சாரக் கார்களில் விளிம்புக்குப் பதில் வட்டமான ரப்பர் மெத்தையோ துளையோதான் இருக்கும். பொருந்தவில்லை என்றால் சாலையோர உதவிக்குப் போன் செய்வதே மேல்.

சங்கத்தின் செலவில் நான்கு சக்கர முட்டுகளும், ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு தேக்குப் பலகைத் துண்டும், ஒரு டார்ச்சும் வாங்கிக் காவலர் அறையில் வைத்திருக்கிறோம். பதிவேட்டில் வீட்டு எண்ணை எழுதிவிட்டு எடுத்துக்கொள்ளலாம். அன்றைக்கே திருப்பி வைத்துவிடுங்கள். பலகையை யாரோ ஏற்கெனவே ஒருமுறை துளசி மாடத்துக்கு முட்டுக் கொடுக்க எடுத்துப் போயிருந்தார்கள்.